சேக்காட்டுக்கு வந்த நூற்று எழுபத்தொன்பதாவது பிரிவு

1

ஆவடியை அடுத்த சேக்காட்டில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஜெர்மனியில் எரியாமல் போன ஒரு சைக்கிள் விளக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். போன வாரம் நானும் என் மகள் நிலாவும் நூலகத்திலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். நிலாவுக்குப் பதினாறு வயது. அவள் வண்டியில் முன்விளக்கு எரியவில்லை. முனையில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். என்னை யாரும் நிறுத்தவில்லை. என் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் நான் குதித்து இறங்கி, வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நிலா சாவகாசமாக இறங்கி, "எதற்காக நிறுத்தினீர்கள்?" என்று கேட்டாள். அவர் காரணம் சொன்னார். பெயர் கேட்டார், முகவரி கேட்டார், சொன்னாள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார். "அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரோ தலையை ஆட்டிவிட்டு, விளக்கைச் சரிசெய்து ஓட்டும்படி சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் ஏன் நிற்கிறேன் என்று விசாரித்தார். "மன்னிக்க வேண்டும்" என்றேன். எதற்கு என்றார். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நிலா கேட்டாள்: "அம்மா, நீ ஏன் போலீஸைப் பார்த்தா தப்பு பண்ணின மாதிரியே நிக்கறே?"

இங்கே பள்ளிக்கூடத்திலேயே இதையெல்லாம் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். போலீஸ் நிறுத்தினால் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை, கடிதம் போட்டுக் கூப்பிட்டால் போக வேண்டுமா என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நாங்கள் அந்த வயதில் முதலாம் பானிப்பட்டுப் போரைப் படித்தோம். அது எங்கேயாவது உதவும் என்று இன்னமும் காத்திருக்கிறேன்.

2

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி, அங்கேயே எங்களை வளர்த்தார். பகலெல்லாம் ராணுவ வண்டிகளுக்குப் பாகம் செய்கிற மனிதர், சாயங்காலம் எதிரில் ஒரு கான்ஸ்டபிள் வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஒரு குற்றமும் செய்தவரில்லை. செய்யாதவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கல்யாணமாகி, ஜெர்மனி வருவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும் என்றார்கள். அப்பா முந்தின நாளே பிளாக் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். "நாளைக்கு நம்ம வீட்டுக்குப் போலீஸ் வரும். பாஸ்போர்ட்டுக்குத்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். மறுநாள் வந்த போலீஸ்காரர் இரண்டு கேள்வி கேட்டு, காராசேவு சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு மட்டும் ஒரு வாரம் தூக்கம் சரியாக இல்லை. யாராவது தப்பாக நினைத்திருப்பார்களோ என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குக் கிடைத்த சட்டக் கல்வி அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

3

இப்போது அப்பா இல்லை. ஓய்வு பெற்றதும் சேக்காட்டில் அவர் கட்டிய வீட்டில் கீழ்த்தளத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். மாடியில் என் தம்பி ரமேஷும் அவன் மனைவி சுமதியும். அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. முட்டி வலி. மாடிப்படி ஏற முடியாது. முடிந்தாலும் ஏற மாட்டாள். கீழே இருக்கிறவரை அடுப்பு அவளுடையது, மாடிக்குப் போனால் சுமதியுடையது. மாமியாரும் மருமகளும் இன்றுவரை ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருப்பதற்கு நடுவில் இருக்கிற அந்தப் படிக்கட்டுதான் காரணம்.

அடுத்த வீட்டில் முரளி. கரூர்க்காரர், ஐடி கம்பெனியில் வேலை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. புதுக் கார் வாங்கினார். கார் ஏறுவதற்காக வாசலில் இருந்த மழைநீர் வடிகால் மேல் சிமெண்ட் கொட்டிச் சாய்வாக மேடை கட்டினார். கட்டின கையோடு வடிகாலையும் அடைத்துவிட்டார். அந்த வருஷ மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் அம்மா வீட்டுக்குள் வந்தது. கட்டில் கால் நனைந்தது, அரிசி மூட்டை நனைந்தது, ஃபிரிட்ஜ் செத்தது. ரமேஷ் தூக்காத குறையாக அம்மாவை மாடிக்குக் கொண்டுபோனான். மூன்று வாரம் மாடியில் இருந்தாள். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அம்மாவும் பேசமாட்டாள், சுமதியும் பேசமாட்டாள்.

"அடுத்த மழைக்கும் இப்படி ஆச்சுன்னா நீ மேலயே வந்துர்றம்மா. கீழ வாடகைக்கு விட்டுரலாம்" என்று ரமேஷ் சொல்லிவிட்டான். பாசத்தில்தான் சொன்னான். அம்மாவுக்கு அது தீர்ப்பு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அம்மா மாநகராட்சிக்கு மனு போட ஆரம்பித்தாள். குறைதீர் முகாம் எங்கே நடந்தாலும் ஆட்டோ பிடித்துப் போவாள். மாநகராட்சி ஆட்கள் ஒருமுறை வந்து மேடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் முரளி அம்மாவிடம் சண்டைக்கு வந்தார். வாசலில் வைத்துப் பேச்சு முற்றியது. நாங்கள் இந்த வருஷம் நிலாவின் கோடை விடுமுறைக்காக ஜெர்மனியிலிருந்து வந்திறங்கியது அந்தச் சண்டை நடந்து இரண்டு நாள் கழித்து.

பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. ரமேஷுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஸ்டேஷன்லருந்து பேசறோம். உங்கம்மா மேல ஒரு பெட்டிஷன் வந்திருக்கு. தகாத வார்த்தைகளால திட்டி, கொலை மிரட்டல் விட்டாங்கன்னு. சாயங்காலம் ஆறரைக்கு அம்மாவக் கூட்டிட்டு வந்துருங்க."

"சார், எங்கம்மாவா?"

"ஒண்ணும் பெருசா இல்ல சார். இனிமே இது சம்பந்தமா எந்தப் பிரச்சினையும் பண்ண மாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாம்."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னே அவரை?"

"என்னத்தச் சொன்னேன்? ஏலே, அடுத்த மழைக்கு உன் காரே மிதக்கும்லேன்னு சொன்னேன். மிதக்கத்தானே செய்யும்?"

திருநெல்வேலியில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற ஏலே தகாத வார்த்தைக் கணக்கிலும், கார் மிதப்பது கொலை மிரட்டல் கணக்கிலும் போயிருந்தது. மனு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு இரண்டும் தயாராக இருக்கிற வாக்கியங்கள். அவை இல்லாமல் மனு நிறைவாக இருக்காதாம்.

எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது அந்த லெட்டர். இது சம்பந்தமாக எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டேன் என்று அம்மா கையெழுத்துப் போட்டால், வடிகால் மனுவும் பிரச்சினைதானே? அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும், அம்மா மாடி ஏறிவிடுவாள்.

4

செய்தி தெரிந்ததும் முதலில் வந்தவர் பாபு. ரமேஷின் நண்பர், திருநின்றவூரில் மனை விற்றுக் கொடுக்கிறவர். எந்த ஆபீசிலும் அவருக்கு ஒருவரைத் தெரியும்.

"அக்கா, நான் சொல்றத கேளு. ஸ்டேஷன்ல நம்ம ஏட்டு ஒருத்தர் கீறாரு. ஒரு போன் போட்டா முடிஞ்சுது. அம்மாவ இட்டுகினு போய், ரெண்டு நிமிஷம் குந்த வச்சு, லெட்டர எழுதிக் குடுத்துட்டு வந்துகினே இருக்கலாம்."

நிலா தன் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். இதுவரை அவள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஊருக்கு வந்தால் அப்படித்தான். எங்கள் எல்லோரையும் ஏதோ பயணக் கட்டுரையைப் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆச்சி போகத் தேவையில்லை" என்றாள். "இங்க சட்டத்துலயே இருக்கு."

அவள் போனை வாங்கிப் படித்தேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நூற்று எழுபத்தொன்பதாவது பிரிவு. பெண்களை, வயது வித்தியாசமில்லாமல், விசாரணைக்காக அவர்கள் குடியிருக்கும் இடம் தவிர வேறெங்கும் வரும்படி சொல்லக் கூடாது. அறுபதைத் தாண்டிய ஆண்களையும் அப்படியே. கேட்க வேண்டியதைப் போலீஸ்தான் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். பழைய சட்டத்திலும் இது இருந்ததாம். நான் ஆவடியில் இருந்த காலமெல்லாம் இது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. அவர்களே விருப்பப்பட்டால் ஸ்டேஷனுக்கு வரலாம். சட்டம் எழுதினவர்கள் நம்மை நன்றாக அறிந்தவர்கள். கூப்பிட்ட குரலுக்கு விருப்பப்படுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

நிலா உற்சாகமாகி மேலும் படித்தாள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதென்றால் அசாதாரணமான காரணமும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டும். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ரமேஷின் முகம் வெளுத்தது.

"கைதுங்கற பேச்சையே எடுக்காத தாயே. வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றான். எங்கள் குடும்பத்தில் உரிமையைத் தெரிந்துகொள்வதே குற்றம் செய்வதற்கான முன்னேற்பாடு.

"சட்டம் கிட்டம்லாம் பேசுனா அவங்க காண்டாயிடுவாங்க நிலா" என்றார் பாபு. "தெரிஞ்சவரு இருக்க சொல்லோ சட்டம் இன்னாத்துக்கு?"

"தெரிஞ்சவங்க யாரும் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"தெரிஞ்சவன தேடுவாங்க."

நிலா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கடைசியில் அம்மாவிடமே கேட்டோம். ஆச்சி, இது உங்க உரிமை, அவங்க இங்க வரணும் என்று நிலா பொறுமையாக விளக்கினாள். அம்மா கீரைக்காம்பைக் கீழே போட்டாள்.

"என்னது, போலீஸ் நம்ம வீட்டுக்கு வரணுமா? அதுக்கு நானே போயிட்டு வந்துருதேன். ஆட்டோல தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போனா ஒரு குருவிக்குத் தெரியாது. வாசல்ல ஜீப்பு நின்னா இந்தத் தெரு என்ன பேசும்?"

பெண்ணுக்கு ஸ்டேஷன் வாசல் அவமானம் என்று நினைத்துச் சட்டம் அவளை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறது. எங்கள் தெருவிலோ ஸ்டேஷனுக்கு ரகசியமாகப் போய்வருவதுதான் கௌரவம். ஸ்டேஷன் வீட்டுக்கு வருவதுதான் அவமானம். பாதுகாப்புக்காகக் கொடுத்ததைத் தண்டனையாக வாங்கிக்கொள்ள எங்களால் மட்டும்தான் முடியும். நிலாவுக்கு இதை எந்த மொழியிலும் என்னால் விளக்க முடியவில்லை.

"நீ போனா கையெழுத்து வாங்கிருவாங்கம்மா" என்றேன். "அங்க நாலு பேர் நடுவுல உட்கார வச்சு எழுதுன்னு சொன்னா நீ எழுதிருவே. அப்புறம் வடிகாலைப் பத்தி வாய திறக்க முடியாது."

அம்மா படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, வரச் சொல்லு" என்றாள்.

5

போன் செய்வது என் பொறுப்பாயிற்று. ஜெர்மன் மொழியில் வரி அலுவலகத்தோடு வாதாடி ஜெயித்தவள் நான். சேக்காட்டில் தமிழில் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துப் படித்தேன்.

"மேடம் வக்கீலா?" என்றார் எதிர்முனையில் இருந்த ஏட்டு.

"இல்லை சார். ஜெர்மனியில இருக்கேன்."

"ஓ. அங்க இப்படி ரூல் இருக்கா?"

"இது நம்ம நாட்டுச் சட்டம் சார்."

அவர் பக்கத்தில் யாரிடமோ விசாரிப்பது காதில் விழுந்தது. அடுத்து எடுத்துவிட நாலு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"சரி மேடம். நாளைக்குக் காலைல எஸ்.ஐ. மேடமும் நானும் வந்துர்றோம். பத்தரைக்கு மேல ஓகேவா?"

அவ்வளவுதான். சண்டைக்குத் தயாரானவளுக்கு இது பெரிய ஏமாற்றம். இத்தனை வருஷப் பயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஸ்டேஷனிலும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு, அந்தப் போனில், நடந்தது.

இனிமேல்தான் வீட்டில் பிரளயம். நாளைக் காலை பத்தரைக்குப் பட்டப்பகலில் போலீஸ் வரப்போகிறது. சுமதி சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். ரமேஷ் யூனிஃபார்ம் இல்லாமல் வரச் சொல்லிக் கேட்க முடியுமா என்றான். அப்போதுதான் பாபு வாயைத் திறந்தார்.

"போலீஸ் ஊட்டுக்கு வர்றதுக்கு மரியாதையான காரணம் ஒண்ணே ஒண்ணுதான் கீது. பாஸ்போர்ட்டு. அம்மாவுக்கு பாஸ்போர்ட் விசாரணைன்னு சொல்லிடு. மேட்டர் ஓவர்."

நிலா கொதித்துப்போனாள். "உரிமையைக் கேட்டு வாங்கிட்டு அதை ஏன் மறைக்கணும்?" என்றாள். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

செய்தியைப் பரப்பச் சுமதிக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலமே எதிர்வீட்டுக் கமலா அக்கா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு கூட்டினு போவுதாமே. புண்ணியம் பண்ணவங்கம்மா நீங்க. அங்க குளிருமாமே, ஸ்வெட்டர் வச்சுக்கினீங்களா?" இன்னொருவர் பாரிஸில் இருக்கும் தன் தங்கை மகனுக்குப் பருப்புப்பொடி கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அம்மா சொன்னாள். சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

6

மறுநாள் ஜீப் வரவில்லை. இருவரும் ஆளுக்கொரு பைக்கில் வந்தார்கள். எஸ்.ஐ. இளம்பெண். வெயிலில் முகம் கறுத்திருந்தது. நிலா மரியாதை தெரிந்த பெண்தான், ஆனால் அவள் தமிழில் மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. ஏட்டிடம் நேராகப் போய், "நீ காபி குடிப்பியா?" என்று கேட்டாள். அவர் திடுக்கிட்டு, "குடிப்பேம்மா" என்றார்.

அம்மா வெளுத்த சேலை கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷனில் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தன் சுவர், தன் மின்விசிறி, தன் நாற்காலி. சட்டத்தில் அந்த ஒரு வரியை எழுதியவர் இதையும் யோசித்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அவர் யாரென்று தெரியாது. அன்றைக்கு அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"கொலை மிரட்டல் விட்டீங்களாமே பாட்டி?"

"கார் மிதக்கும்னு சொன்னேம்மா. இங்க பாருங்க." அம்மா ஊன்றுகோலால் சுவரைக் காட்டினாள். முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. பிறகு எஸ்.ஐ.யைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் வடிகாலைக் காட்டினாள். எஸ்.ஐ. குனிந்து பார்த்தார், சிமெண்ட் மேடையைச் சுற்றி வந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "இது கார்ப்பரேஷன் மேட்டர். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "ஆனா பெட்டிஷன முடிக்கணும். பிரச்சினை பண்ண மாட்டேன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துருங்க."

எழுத வேண்டிய கட்டாயமில்லை என்று அம்மாவுக்குக் காலையில் மூன்று முறை சொல்லியிருந்தோம். நிலா தொண்டையைச் செருமினாள். நான் என் தாளைத் தேடினேன்.

"எழுதுதேன்" என்றாள் அம்மா.

இவ்வளவு பண்ணியும் கடைசியில் எழுதப் போகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, எழுத்தெழுத்தாக எழுதினாள். எஸ்.ஐ. வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"ஐயா, நான் முரளி என்பவரைக் கொலை செய்ய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அவரை இனி ஏலே என்று கூப்பிடவும் மாட்டேன். வடிகால் மேல் உள்ள சிமெண்டை எடுக்கும்வரை மாநகராட்சிக்கு மனு போட்டுக்கொண்டே இருப்பேன். இப்படிக்கு."

ஏட்டு சிரிப்பை அடக்கக் காபி டம்ளரைத் தூக்கினார். எஸ்.ஐ. அம்மாவைப் பார்த்தார், கடைசி வரியைத் தட்டினார். "இத எடுத்துரலாமே பாட்டி?"

"அது இல்லாம மத்தது கெடையாதும்மா."

எஸ்.ஐ. தாளை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்தபோது கமலா அக்கா காத்திருந்தார். "பாஸ்போர்ட்டுக்குத்தானே மேடம்?"

எஸ்.ஐ. ரமேஷின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த கெஞ்சலைப் பார்த்திருக்க வேண்டும். "ஆமாம்மா. எல்லாம் கிளியர்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

7

இத்தோடு முடிந்திருந்தால் உரிமை வென்றது என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். நடந்தது வேறு.

முரளிக்கு மட்டுமாவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். மனு கொடுத்தவரே அவர்தான். ஆனால் தெரு முழுக்க ஒன்றையே சொன்னால் ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் தன் மனுவை நம்புவார்? போலீஸ் ஒரே நடையில் மனு, பாஸ்போர்ட் என்று இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார். நாங்கள் ஜெர்மனி திரும்பிய சில நாளில் ரமேஷிடம் வந்து, "போகப் போறவங்க கூட என்ன சண்டை?" என்று சொல்லியிருக்கிறார். அதோடு, கரூரிலிருந்து அவருடைய அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ள வேண்டுமாம். கீழ்த்தளம் காலியானால் வாடகைக்குத் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

ரமேஷ் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். சுவரில் கறையைப் பார்த்தார். "தண்ணி வருமா சார்?" என்று பதறிக் கேட்டார்.

"உங்க சிமெண்ட எடுத்தா வராது சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் வைத்து உடைத்துவிட்டார். கார் ஏற, தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புப் பலகை செய்துகொண்டார். அம்மாவின் மனுக்களுக்கும் போலீஸுக்கும் நூற்று எழுபத்தொன்பதுக்கும் அசையாத சிமெண்ட், சொந்த அப்பா அம்மா நனைந்துவிடுவார்களே என்றதும் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது. நிலாவிடம் சொன்னேன். "அப்ப நான் கண்டுபிடிச்ச பிரிவு எதுக்கு?" என்றாள். அது இல்லாவிட்டால் ஆச்சி அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பாள் என்றேன். பாதி திருப்தியோடு போனாள்.

விசா இன்னும் வரவில்லை என்று அம்மா முரளியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அவ்வப்போது மீன்குழம்பு கொடுத்தனுப்புகிறாளாம். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்ணை ஏதோ விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது, போலீஸ் வீட்டுக்கு வந்துபோனதைக் கேள்விப்பட்டு அவள் நேராக அம்மாவிடம் வந்திருக்கிறாள். "போகாத. வீட்டுக்கு வரச் சொல்லு, உனக்கு அந்த உரிமை இருக்கு" என்று அம்மா சொல்லிக் கொடுத்தாளாம். தெருவில் கேட்டால் என்ன சொல்வது என்றும் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

நேற்று ஆவடியில் பேய்மழை. பயந்துகொண்டே வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா பேசாமல் போனைத் திருப்பித் தரையைக் காட்டினாள். காய்ந்து கிடந்தது. சுவரோரம் மெதுவாகக் காட்டினாள். அங்கேயும் ஈரமில்லை. வெளியே வடிகாலில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது.

"தெருவே நம்பிருச்சுட்டி, நீ என்னக் கூட்டிட்டுப் போவேன்னு" என்று சிரித்தாள். "நான் ஒருத்திதான் நம்பல."

எனக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டு சொன்னதால் இன்னும் வலித்தது. "நிஜமாவே வாயேன்மா. பாஸ்போர்ட் எடுத்துரலாம். இங்க வந்து எங்களோட இரு" என்றேன். மனதிலிருந்துதான் சொன்னேன்.

அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள்.

"வரலட்டி. இம்புட்டுப் பாடுபட்டு இந்தத் தரையைக் காய வச்சிருக்கேன். அதுல நாலு வருஷமாவது நடக்க வேண்டாமா?"

போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஊன்றுகோல் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுப்படி வரைக்கும் நடந்து காட்டினாள்.